கோட்டைக்குக் கீழே ஒரு கொடி

போன மாதம் சிராங்கூன் ரோட்டில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் அந்தத் தபால் அட்டையைப் பார்த்தேன். குன்றின் மேல் கோட்டை, கோட்டைக்குள் உயர்ந்து நிற்கும் கொடிமரம், அதன் பக்கத்தில் வெளிச்ச வீடு, கீழே சரிவு முழுக்கப் பச்சைப் புல். கையால் வண்ணம் பூசிய படம். கடைக்காரர் இளவட்டம். "இந்தக் கோட்டையெல்லாம் இடிச்சிட்டாங்கம்மா, வாசல் மட்டும்தான் மிச்சம்" என்று எனக்கே பாடம் சொன்னார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புல் பொய். அந்த இடத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

படம் முதலில் அச்சானபோது அவர் அதில் இருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் துணிகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பிற்பாடு எங்களைச் சரிவிலிருந்து எழுப்பினார்கள். படத்திலிருந்தும் எழுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து, பட்டப்பகலில், ஒரு கடையில் நின்றுகொண்டு, படத்தில் இருக்கும் ஒரு கொடிமரத்தைப் பார்த்து எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அட்டையை வாங்காமல் வந்துவிட்டேன்.

நாங்கள் துணி வெளுக்கிறவர்கள். கோட்டைக் குன்றின் அடிவாரத்தில் ஓடிய ஓடைதான் எங்கள் துறை. தமிழர்கள் அந்தப் பக்கத்தை வண்ணான் தெரு என்பார்கள். ஓடைக்கரையில் துவைக்கும் கல், கல்லுக்குப் பின்னால் துணியை அவிக்கும் வெள்ளாவி அடுப்பு, அதற்குப் பின்னால் ஓலை வேய்ந்த எங்கள் வீடு, வீட்டுக்கு மேலே சரிவில் கொடி. கொடி என்றால் எங்களுக்கு ஒன்றுதான், துணி காயப்போடுகிற கயிறு. இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கிக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டுவோம். முறுக்குக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் கழன்று வராது. என் கணவர் கட்டிய கொடியில் தொய்வு என்பதே இருக்காது. அந்தத் துறையில் எல்லாருக்கும் அவர்தான் கட்டிக் கொடுப்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. என்னைக் கட்டிக்கொண்டதில்கூட அவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மேலே கோட்டை. கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த முதல் நாளே அதைக் கண்டு பயந்தேன். விடியற்காலையில் ஒரு குண்டு, உச்சிப்பொழுதில் ஒரு குண்டு, இரவு படுக்கப் போகும்போது ஒரு குண்டு. ஊருக்கு மணி சொல்லத்தான் சுடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? குண்டு வெடிக்கும்போது என் நெஞ்சு என்னைக் கேட்டுக்கொண்டா அடித்துக்கொள்கிறது? மலாய்க்காரர்கள் அந்தக் குன்றை ஏறக்கூடாத குன்று என்பார்கள். சரிவின் ஒரு பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைகள் வேறு. என் கணவர் மட்டும் வெளுத்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி மேலே போய்வருவார். கோட்டைத் துரைமாரின் துணியெல்லாம் வெளுப்பது நாங்கள்தான்.

"நீயும் ஒரு நாள் வந்து பாரேன் புள்ள. மேலேருந்து கடலே தெரியும்" என்பார்.

"கடல்லதான் வந்தேன். அதைப் பார்த்தது போதும்" என்பேன்.

ஒரு நாள் மூன்று கால் பெட்டியோடு ஒரு படக்காரர் வந்து, எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். மற்றவர்கள் அசைந்துவிட்டார்கள். என் கணவர் அசையவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்தப் படம் தபால் அட்டையாகக் கடைக்கு வந்தது. மேலே கோட்டை, கீழே கொடி, கொடிக்குப் பக்கத்தில் எள்ளளவு அவர். அவர் துணி கொண்டுபோகும் வீட்டில் ஒருவர் அவருக்கு ஒன்றைக் கொடுத்தார். இவர் கஞ்சியைத் தடவி அதை எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினார். சட்டைக் காலருக்குப் போடுகிற கெட்டிக் கஞ்சி. "கோட்டையைக் கொண்டாந்து வீட்டுக்குள்ளயும் வச்சாச்சா? வெளிய இருக்கறது போதாதா?" என்று சண்டை போட்டேன். "கோட்டையை யாரு பார்த்தா? கொடியைப் பாரு, எப்படி நிக்குதுன்னு" என்றார்.

அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு, ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்கியிருந்த சமயம். சீனப் பெருநாளுக்கு மறுநாள். ஊரெல்லாம் வெடிச் சத்தம். காலையிலிருந்து வானம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அன்று கோட்டைச் சாப்பாட்டு மேசையின் சிவப்புக் கம்பளி விரிப்பு வெளுக்க வந்திருந்தது. சாயம் போகிற துணி. வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் காயப்போட்டால் ஒரு சொட்டு ஈரத்துக்கே வெள்ளை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். அதனால் அப்படிப்பட்டதை எல்லாக் கொடிக்கும் மேலே, சரிவின் உச்சியில் தனியாகக் கட்டியிருக்கும் கொடியில்தான் போடுவோம். நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். தூறல் விழுந்தது, ஓடிப்போய் எடுத்தேன். வெயில் வந்தது, மறுபடி போட்டேன். மறுபடி தூறல். மறுபடி வெயில். மழையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறி இறங்கினேன். மேலே மதிலில் ஒரு சோல்ஜர் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பிற்பகலில் சத்தம் மாறியது. பட்டாசு சரம் சரமாக வெடிக்கும். இது விட்டு விட்டு ஒவ்வொன்றாகக் கேட்டது. நாங்கள் அதையும் வெடி என்றே நினைத்தோம். பொழுது சாய்வதற்குள் தெரு காலியாகிவிட்டது. ரிக்‌ஷாக்கள் இல்லை. மோட்டார் வண்டிகளில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் துறைமுகத்துப் பக்கம் பறந்தார்கள். நகரத்துக்கு மேற்கே இருந்த முகாமில் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள், துரைமாரைச் சுட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை, வடக்கத்திச் சிப்பாய்கள். ஆனால் துப்பாக்கி வைத்துக்கொண்டு பயந்துபோயிருக்கும் ஒரு வெள்ளைக்காரனுக்கு வடக்கு தெற்கெல்லாம் தெரியுமா? கறுப்புத் தோல் தெரியும், அவ்வளவுதான். இந்தியர்கள் எல்லாரும் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். அது ஓலைக் கதவு. எதைத் தடுக்கும் என்று நினைத்துச் சாத்தினோமோ தெரியவில்லை.

கலகம் அடங்கியது என்று சொன்ன பிறகு துறையில் வேலை தொடங்கினோம். கோட்டையிலிருந்து ஒரு துரையும் துப்பாக்கிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். கூடவே கோட்டு போட்ட ஒரு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, கிராணி என்போம், துரை சொல்வதைத் தமிழில் சொல்ல. மற்றவர்கள் கல்லையும் துணியையும் விட்டுவிட்டு வீடுகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். நான் வெள்ளாவி அடுப்பருகே நின்றேன். என் கணவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முன்னால் போனார்.

"இஞ்சை கொடி கட்டினது ஆர்?" என்று கேட்டார் கிராணி.

"நான்தாங்க."

"நீர்தானோ? வேற ஒருத்தரும் இல்லையோ?"

"வேற யாருங்க? இங்க எல்லாக் கொடியும் நான் கட்டறதுதான்."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் இறுகியது.

"ஆருக்காகக் கட்டினனீர்?"

"பட்டாளத்துக்காகத்தாங்க."

"ஆர் உம்மைக் கட்டச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்கப்பா காலத்துலேருந்து கட்டறோம். இந்தக் கொடி போல இந்த ஊர்ல எவனும் கட்ட மாட்டான்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அடுப்பருகே நின்ற எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கோட்டைக்குள்ளேயே கொடி கட்டிக்கொடுக்கக் கூப்பிடப் போகிறார்களோ என்றுகூட நினைத்தேன், பாருங்கள். அதற்குள் இரண்டு பேர் அவர் கையைப் பின்னால் வளைத்துப் பிடித்துவிட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "வெள்ளாவி தீய்ஞ்சிடாம பார்த்துக்க" என்றார். அப்படியே அவரைக் குன்றின் மேலே கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று நான் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. என்ன தப்பு என்று தெரிந்தாலாவது அதைச் சொல்லி அழலாம். கொடி கட்டினால் பிடித்துக்கொண்டு போவார்களா? மறுநாள் கோட்டைக்கு ரொட்டி கொண்டுபோகிற நானா வந்தார். எங்கள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். தெருமுனையில் கடை வைத்திருந்தார். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், எனக்கும் அவர் அண்ணன் மாதிரிதான். வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தங்கச்சி, மேலே வேற மாதிரி பேசிக்கிறாங்க. கலகம் நடந்த அன்னிக்கு உன் வீட்டுக்காரர் சிப்பாய்ங்களுக்குச் சிவப்புக் கொடி காட்டினாராம். ஏத்தி ஏத்தி இறக்கினாராம். மதில்லேருந்து பார்த்திருக்காங்க. அவரே ஒத்துக்கிட்டாராமே."

"கொடி காட்டினாரா? கொடி கட்டினாரு நானா, கட்டினாரு!"

"எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே." அவர் குரல் இறங்கியது. "பிடிபட்ட சிப்பாய்ங்களைச் சிறைச்சாலை மதிலோரம் நிறுத்திச் சுடறாங்க. ஊரே போய்ப் பார்க்குது. இவருக்கும் அதுதான்னு சமையல்காரன் சொல்றான்."

எனக்குக் காதில் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. சிவப்பு விரிப்பு. ஏற்றி இறக்கியது அவர்கூட இல்லை, நான். மழைக்காக ஓடிய என் கால்களுக்காக அவரை மதிலோரம் நிறுத்தப் போகிறார்கள். கட்டுகிற கொடியும் பறக்கிற கொடியும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதற்காக ஒரு மனிதன் சாவதா? எழுத்தும் படிப்பும் எனக்கு அப்போது கிடையாது. பிற்பாடு பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். அதற்குக் காரணம் அந்த நாள்தான். என் சொல் அடுத்தவர் வாய் வழியாகப் போனால் எங்கே போய்ச் சேரும் என்று அன்று பார்த்துவிட்டேன்.

சுவரைப் பார்த்தேன். அட்டை ஒட்டியிருந்தது. கொடி என்றால் எது என்று அந்தப் படத்தில் இருக்கிறது. ஊரார் கண்ணுக்குத் தெரியும்படி அது வெகு காலமாக அங்கேதான் இருக்கிறது என்பதும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். கையை வைத்தவள் எடுத்துவிட்டேன். கலகம் நடந்து முடிந்த ஊரில், கோட்டையின் வாசலும் மதிலும் அச்சடித்த படத்தை மறைத்து எடுத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பெண் கோட்டைக்குள் போனால் என்ன சொல்வார்கள்? உளவு என்பார்கள். புருஷன் கொடி காட்டினான், பெண்டாட்டி படம் வைத்திருந்தாள் என்று இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்துவார்கள். அவரைக் காப்பாற்ற என் கையில் இருந்தது அந்த ஒரு பொருள்தான். அதுவே எங்கள் இரண்டு பேருக்கும் எமனாகவும் ஆகலாம். வேறு வழியும் தெரியவில்லை. பிறகு தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கஞ்சியை ஊறவைத்து மெல்ல உரித்தேன். பின்பக்கத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

தேய்த்து மடித்த கோட்டைச் சட்டைகளுக்கு நடுவே அட்டையைச் செருகினேன். அவற்றுக்கு மேல் அந்தச் சிவப்பு விரிப்பை வைத்து மூட்டை கட்டினேன். நானாவின் ரொட்டி வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். "உள்ளே ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னைத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன் தங்கச்சி. கோச்சுக்காதே. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கூட நடந்ததே பெரிது.

இத்தனை காலம் படத்தில் பார்த்த வாசல் நேரில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. காவலில் இருந்த வெள்ளைக்காரன் சின்ன வயசு. அவனும் பயந்துபோயிருந்தான், அதுதான் எனக்கு இன்னும் பயம். மூட்டையைக் கீழே வைக்கச் சைகை காட்டினான். துப்பாக்கி முனையில் இருந்த கத்தியால் மூட்டையை ஒரு குத்துக் குத்தினான். அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? ஐயோ, சட்டையில் ஓட்டை விழுந்திருக்கும், துரை கேட்டால் என்ன சொல்வது என்று போனது. கத்தி அட்டை வரை போகவில்லை. "டோபி" என்று நானா சொன்னார். தெரியாது என்று சொல்வேன் என்றவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். காவல்காரன் விட்டுவிட்டான்.

உள்ளே ஒரு நீளத் தாழ்வாரம். அதில் ஒரு மேசைக்குப் பின்னால் அதே கிராணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உமக்கு விசரோ? இந்த நேரத்திலை இஞ்சை ஏன் வந்தனீர்?"

"ஐயா, எங்க வீட்டுக்காரரு ஒண்ணும் செய்யலைங்க."

"நான் என்ன செய்யிறது? கொடி தான்தான் கட்டினதெண்டு அவரே ஒப்புக்கொண்டவர். நீரும் கேட்டுக்கொண்டுதானே நிண்டனீர்."

"கொடி கட்டினாருங்க. துணி காயப்போடற கொடி. உங்க வீட்ல அதை என்னன்னு சொல்லுவீங்க?"

நான் மூட்டைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து அவர் மேசையில் வைத்து, அந்தக் கோடு மாதிரித் தெரிந்த கயிற்றின் மேல் விரலை வைத்தேன். "இதுங்க. இதைத்தான் கட்டினேன்னாரு."

கிராணி மெதுவாக உட்கார்ந்தார். "எங்கட வீட்டிலையும் கொடி எண்டுதான்…" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "பறக்கிற கொடியைப் பெண்டேரா எண்டு மலாயிலை கேட்டிருக்கலாம். ஒரு சொல்லு. பெண்டேரா எண்டு கேட்டிருந்தால் அந்த மனுசன் சிரிச்சிருப்பார்" என்றார்.

"அதைத் துரைகிட்ட சொல்லுங்கய்யா."

"எப்பிடிச் சொல்லுறது?" அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "நான் விளங்கப்படுத்திப்போட்டன். துரை எழுதிப்போட்டார். இப்ப நான் மாத்திச் சொன்னால், நீயும் அவங்கட ஆளோ எண்டு என்னைக் கேப்பினம். எனக்கும் சீட்டுத் தந்துதான் உள்ளுக்கு விடுகினம் பிள்ளை. நானும் கறுப்பன்தான்." கோட்டுப் பைக்குள்ளிருந்து தன் அனுமதிச் சீட்டை எடுத்துக் காட்டினார். அது கசங்கிப்போயிருந்தது.

எனக்கு அவர் மேல் ஆத்திரம் பொங்கியது. கூடவே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பயந்தவள் பயந்தவரை அடையாளம் காணாமல் இருக்க முடியாது. அவர் குனிந்து தலையைக் கையில் தாங்கியபோது சட்டைக் காலர் மடங்கியது. அதன் உட்புறத்தில் சேங்கொட்டை மையால் இட்ட சின்னக் குறி தெரிந்தது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய நாங்கள் போடுகிற குறி. கிராணிமார் குடியிருப்புத் துணிகள் மூட்டையாக வரும், யாருடையது என்று நான் பார்த்ததில்லை. அது என் கணவர் கையால் போட்ட குறி.

"ஐயா, உங்க சட்டையும் அந்தக் கொடியிலதாங்க காயுது" என்றேன்.

அவர் கை தானாகக் காலருக்குப் போனது. அதே நேரத்தில் உள்ளேயிருந்து துரை வந்துவிட்டார்.

துரையின் கண் முதலில் என் மேல் பட்டது. பிறகு மேசையில் கிடந்த கோட்டைப் படத்தின் மேல். அட்டையை எடுத்தார், திருப்பினார், பின்பக்கத்துச் சுண்ணாம்பைச் சுரண்டினார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், விழாமல் இருக்க அது ஒன்றுதான் கையில் இருந்தது.

கிராணி எழுந்து நின்றார். இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். வெகு நேரம் பேசினார். நடுவில் கொடி என்ற சொல் வந்தது, மறுபடி வந்தது. துரை மேசையை அடித்துக் கத்தினார். கிராணி நிறுத்தவில்லை. என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் தப்பு என்று சொன்னாரா, என் தலையில் போட்டாரா, சாமர்த்தியமாக வேறு கதை கட்டினாரா? கடைசியில் என்னிடம் திரும்பி, "அந்தச் சிவப்பு ஏன் தனியப் போட்டனீர், ஏன் எடுத்து எடுத்துப் போட்டனீர் எண்டு கேக்கிறார்" என்றார்.

"சாயம் போற துணிங்க. மழை வந்துச்சு, எடுத்தேன். வெயில் வந்துச்சு, போட்டேன்." மூட்டையை அவிழ்த்து விரிப்பை எடுத்து நீட்டினேன். "இது இவங்க மேசைத் துணிதாங்க. நான்தான் போட்டேன். அவரு இல்லை."

அவரு இல்லை என்பதைக் கிராணி இங்கிலீஷில் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது.

துரை விரிப்பைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். தினமும் சோறு தின்கிற துணி தெரியாமலா போகும்? பிறகு விறுவிறுவென்று வெளியே மதிலுக்குப் போனார். எங்களையும் வரச் சொன்னார். மதிலோரம் நின்று கீழே பார்த்தோம். அவரைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து யாரும் தொடாத துணிகள் எங்கள் சரிவில் அப்படியே தொங்கின. துரை படத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். என் வீட்டை மேலேயிருந்து அன்றுதான் முதல் முதலாகப் பார்க்கிறேன். அடுப்பு ஒரு கறுப்புப் புள்ளி. கயிறு கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளைத் துணிகள் காற்றில் அசைந்தன, அவ்வளவுதான். அங்கே ஒரு சிவப்பு ஏறி இறங்கியிருந்தால், இந்த மதிலில் நான் துப்பாக்கியோடு நின்றிருந்தால், எனக்கே அது துணியாகத் தெரிந்திருக்காது. அது எனக்கு இன்னும் பெரிய பயத்தைக் கொடுத்தது. சாவுக்குக் கொண்டுபோகிறவன் பொய் சொல்கிறான் என்றால் சண்டை போடலாம். அவன் பார்த்தது நிஜம்.

என் கணவரைக் கொண்டுவந்து விட்டார்கள். முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவர் தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தார். துரை அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிராணி என்னைப் பார்க்காமல், "போங்கோ, கெதியாப் போங்கோ" என்றார். அதற்குப் பிறகு அவர் துணி எங்களுக்கு வரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று நானாவைக் கேட்டேன். அவர் மேசையில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குன்றிலிருந்து இறங்கும்போது என் கணவர் முன்னால் நடந்தார். நான் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், கொடி கட்டினதும் கொடி காட்டினதுமாக. சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது ஓலைக் கூரையில் பொட்டுப் பொட்டென்று சத்தம் கேட்டது. மழை.

எனக்கு மழை என்றால் கால் தானாக ஓடும். மேலே தொங்கியது முழுவதும் கோட்டைத் துணி. முந்தானையைச் செருகிக்கொண்டு சரிவில் ஏறினேன். முதல் சட்டையின் மேல் கை வைத்தேன்.

"இறக்காதே!"

அப்படி ஒரு அலறலை நான் அவரிடம் கேட்டதேயில்லை. தண்ணீர்ச் செம்பு உருண்டு கிடந்தது. அவர் மழையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். மதிலில் ஒரு சோல்ஜர் நின்றான். எங்களைத்தான் பார்க்கிறானோ, மழையைத்தான் பார்க்கிறானோ, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

"கையை எடு புள்ள. எடுத்துடு. மெதுவா" என்றார்.

எடுத்துவிட்டேன். மெதுவாக இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றேன். கொட்டுகிற மழையில், அவர் தொய்வில்லாமல் கட்டிய கொடியில், தேய்த்து மடித்து வைக்க வேண்டிய துணியெல்லாம் நனைந்து கனத்துத் தொங்கியது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே நின்றவன் உள்ளே போகும்வரை ஒரு துணியைக்கூட எடுக்கவில்லை.